விமானி இறந்த பிறகு: ஒரு கிங் ஏர் விமானம் தரையிறங்கிய விதம்

2009ஆம் ஆண்டு ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தென்மேற்குக் கரையில் உள்ள மார்க்கோ தீவின் சிறு விமான நிலையத்திலிருந்து பிற்பகலில் பீச்கிராஃப்ட் சூப்பர் கிங் ஏர் 200 வகையைச் சேர்ந்த இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகருக்குப் புறப்பட்டது. உள்ளே ஐந்து பேர். இடப்பக்க இருக்கையில் 67 வயதான தொழில்முறை விமானி. வலப்பக்கத்தில் விமானத்தின் உரிமையாளர், லூயிசியானாவைச் சேர்ந்த டக் வைட். பின்னால் அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும். வைட்டின் சகோதரர் இறந்திருந்தார். அந்தத் துக்கத்துக்கு வந்த குடும்பம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. புறப்பட்டுச் சில நிமிடங்களே ஆகியிருந்த நிலையில், விமானம் ஏறிக்கொண்டிருக்கும்போதே, விமானி நினைவிழந்து இருக்கையிலேயே இறந்துபோனார்.

ஒரு மணி நேரத்துக்குள் அந்த விமானம் ஃபோர்ட் மயர்ஸில் உள்ள தென்மேற்கு ஃபுளோரிடா பன்னாட்டு விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கியது. விமானியைத் தவிர மற்ற நால்வருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. விமானம் ஓட்டத் தெரியாத ஒரு பயணி கடவுள் துணையோடு விமானத்தை இறக்கிவிட்டார் என்றே செய்திகள் பெரும்பாலும் இதைச் சொல்லின. கதையாகக் கேட்க அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததைப் படிப்படியாகப் பார்த்தால் அதைவிடப் பயனுள்ள வேறொன்று தெரிகிறது. வைட்டால் முழுக் கிங் ஏரையும் ஓட்டியிருக்க முடியாது. அதை அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. அவரால் எவ்வளவு முடியுமோ அந்த அளவுக்கு அந்த வேலையைச் சுருக்கித் தந்ததில்தான் தரையில் இருந்தவர்களின் திறமை இருந்தது.

விமானமும் அதை ஓட்ட நேர்ந்தவரும்

வைட் விமானம் ஓட்டவே தெரியாதவர் அல்லர். செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஏறத்தாழ 150 மணி நேரம் பறந்தவர். அந்த விமானத்தை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் பொருள் எளிதில் விளங்கும்: மேகமற்ற பகல் வெளிச்சத்தில், பழகிய விமானத்தில், பழகிய ஓடுபாதையில் நம்பி இறங்கலாம், அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. செஸ்னா 172இன் சக்கரங்கள் எப்போதும் வெளியேதான் நிற்கும். எஞ்சினின் ஆற்றல் 160 முதல் 180 குதிரைத்திறன். இறங்கும்போது மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் போதும்.

கிங் ஏர் 200 வேறு சாதி. சுழல்விசிறியைச் சுழற்றும் ஜெட் வகை எஞ்சின்களான டர்போபிராப் எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 850 குதிரைத்திறன். அழுத்தம் ஏற்றப்பட்ட பயணியர் அறை, உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரங்கள், மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிய பயண வேகம். இறங்கும் கட்டத்திலேயே அதன் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு அருகில் இருக்கும். இரு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள மேடையில் மூன்று இணை நெம்புகோல்கள் நிற்கின்றன: இடமிருந்து வலமாக, எஞ்சின் ஆற்றலுக்கு ஒன்று, சுழல்விசிறி இறக்கைகளின் கோணத்துக்கு ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று. கடைசி இணையை முழுவதும் பின்னால் இழுத்தால் எஞ்சினுக்கு எரிபொருள் நின்றுவிடும். பதற்றத்தில் ஒரு கை தவறான இணையைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மொபெட் ஓட்டிப் பழகியவரைத் திடீரென்று ஓடும் பேருந்தின் ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தது போன்ற நிலை அது.

விதிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்த விமானத்தின் உச்ச எடை 12,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5,670 கிலோ. அந்த எல்லையைத் தாண்டாத டர்போபிராப் விமானங்களை ஓட்ட, அந்தந்த விமான வகைக்கென்று விமானி தனிச் சான்று பெற வேண்டும் என்று அமெரிக்க விதிகள் கேட்பதில்லை. ஒரே விமானி ஓட்டலாம். ஆகவே வலப்பக்க இருக்கை சட்டப்படி வெறும் பயணி இருக்கைதான். அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், யாருமே உட்காராமலும் இருக்கலாம். அன்று வைட் பின்னால் குடும்பத்தோடு அமர்ந்திருந்தால் இந்த ஆய்வுக்கு வேலையே இருந்திருக்காது. விபத்து அறிக்கைதான் இருந்திருக்கும்.

இன்னொரு சிறு விஷயமும் அதே அளவு முக்கியமானது. அந்த விமானத்தின் வானொலியை எப்படி இயக்குவது என்பதை வைட் அதற்கு முன்பே விமானியிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். எந்தப் பொத்தானை அழுத்தினால் பேசலாம் என்பது அவருக்குத் தெரியும். தரையோடு தொடர்பு கிடைத்தது அதனால்தான்.

ஏறிக்கொண்டே போன விமானம்

விமானி நினைவிழந்த அந்த நொடியில் விமானம் கீழே விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டோபைலட் எனப்படும் தானியங்கி அமைப்பு வேலை செய்துகொண்டிருந்தது. விமானம் நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. யோசிக்க நேரம் கொடுத்தது அந்த அமைப்புதான். ஆனால் அடுத்த ஆபத்தும் அதிலிருந்தேதான் வந்தது. ஏற்றத்தை நிறுத்தி விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர ஆட்டோபைலட்டுக்கு எப்படிக் கட்டளை இடுவது என்று வைட்டுக்குத் தெரியவில்லை. கட்டுப்பாட்டாளரிடம் அவர் முதலில் கேட்ட உதவிகளில் ஒன்று, இந்த ஏற்றத்தை நிறுத்த வேண்டும் என்பதுதான்.

இதை வெறும் வசதிக் குறைவாகக் கருதிவிடக் கூடாது. ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் ஏறும்படி ஆட்டோபைலட்டுக்குச் சொல்லப்பட்டிருந்தால், உயரம் கூடக்கூட எஞ்சினின் திறன் குறைந்தாலும், அது அந்த விகிதத்தைக் காப்பாற்றவே முயலும். அதற்காக மூக்கை மேலும் மேலும் உயர்த்தும். வேகம் குறைந்துகொண்டே வரும். யாரும் குறுக்கிடாவிட்டால், இறக்கைகள் தாங்கும் திறனை இழக்கும் நிலை வரை அது போகக்கூடும். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் பயணம் செய்த லியர்ஜெட் விமானத்தில் நடந்ததும் இதே வகையைச் சேர்ந்ததே. அங்கே அறையின் அழுத்தம் போய் உள்ளே இருந்த ஆறு பேரும் செயலிழந்தனர். விமானம் தானாகவே அமெரிக்காவின் குறுக்கே பாதித் தொலைவு பறந்து, எரிபொருள் தீர்ந்து தெற்கு டகோட்டாவின் வயல்வெளியில் விழுந்தது. இரண்டு நிகழ்வுகளிலும் இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது; அந்தக் கட்டளையை மாற்ற அருகில் ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதுதான் வேறுபாடு.

இறந்த விமானியின் உடலும் ஒரு பிரச்சினை. கிங் ஏரின் ஓட்டுநர் அறை மிகக் குறுகலானது. நடுவே நெம்புகோல் மேடை, முன்னே கைப்பிடி, மேலே தாழ்ந்த கூரை. வளர்ந்த மனிதர் ஒருவரை அங்கிருந்து தூக்கி வெளியே எடுப்பது இருவர் மூவருக்கே அரிது. அவர் முன்பக்கம் சாய்ந்து கைப்பிடியின் மேல் விழாமல் பார்த்துக்கொள்வதே அங்கே செய்யக்கூடியது. தோள்பட்டி வாரை இறுக்கிவிட்டால் பெரும்பாலும் போதும். இத்தகைய நிலைமைக்கான பயிற்சிகளில் இதையே முதல் வேலையாகச் சொல்கிறார்கள், வானொலிக்கும் முன்பாக.

மயாமி மையம்

வைட்டின் அழைப்பு மயாமியில் உள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவசரநிலையை அறிவித்து, விமானி செயலிழந்துவிட்டார், உதவி வேண்டும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். அந்த ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் அவர் குரலில் இருந்த கட்டுப்பாட்டைப் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் சொன்ன செய்திகளின் ஒழுங்கு: என்ன விமானம், என்ன நேர்ந்தது, என்ன வேண்டும். அவசரநிலையில் கட்டுப்பாட்டாளர் முதலில் கேட்டறிய வேண்டியவை என்று அமெரிக்கக் கையேடு குறிப்பிடுவதும் இந்த மூன்றைத்தான்.

கட்டுப்பாட்டாளர்களின் வேலை என்ன என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் வழி விடுவதும், உயரமும் திசையும் சொல்வதும்தான் அவர்களுடைய பணி. விமானத்தை எப்படி ஓட்டுவது என்று சொல்வது அவர்களுடைய பணியல்ல. பலருக்கு அது தெரியவும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட விமானத்தின் பலகையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் கற்கும் பாடத்தில் இல்லை. மயாமி மையத்தில் அன்று பணியில் இருந்த லிசா கிரிம் விமானம் ஓட்டப் பயின்றவர் என்பதால் வைட்டோடு பேசும் பொறுப்பு அவரிடம் வந்தது. சட்டென்று ஆளை மாற்றிய அந்த முடிவு மிகச் சரியானது. மற்ற விமானங்களை வேறு அலைவரிசைக்கு மாற்றி, ஒருவர் ஒரே விமானத்தோடு மட்டும் பேச முடிகிற நிலையை உண்டாக்குவது, இத்தகைய தருணத்தில் ஒரு மையத்தால் தரக்கூடிய பெரிய உதவி.

ஆட்டோபைலட்டை விடுவித்துவிட்டுக் கையால் ஓட்டும் நிலைக்கு வைட் வந்தார். ஆட்டோபைலட்டில் பறக்கிறீர்களா, நீங்களே ஓட்டுகிறீர்களா என்று கேட்டபோது, நானும் நல்ல இறைவனும் சேர்ந்து கையால் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் சொன்ன பதில்தான் உலகெங்கும் செய்தியானது. ஆனால் அந்த நிமிடத்தில் உண்மையில் முக்கியமானது அவருடைய முடிவு. தெரியாத ஒரு கருவியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, தெரிந்த ஒரு திறமைக்கு அவர் திரும்பினார். ஆட்டோபைலட்டின் முறைமைகளை வானொலி வழியே கற்பிப்பதைவிட, கைப்பிடியைப் பிடித்து மூக்கை அடிவானத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்வது பல மடங்கு எளிது. 150 மணி நேரப் பயிற்சி அதற்குப் போதும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அடிவானம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இலினாய் பல்கலைக்கழகம் 1954இல் நடத்திய புகழ்பெற்ற சோதனை ஒன்றில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்குச் சராசரியாக ஆன நேரம் 178 நொடி. வைட்டின் முடிவு சரியாக அமைந்ததற்கு, வெளியே பார்த்து ஓட்டக்கூடிய பகல் நேரமாக அது இருந்ததும் காரணம். அதே நாள் மேகம் தாழ்ந்து கிடந்திருந்தால், ஆட்டோபைலட்டை விடுவிப்பதே கடைசித் தவறாக ஆகியிருக்கக்கூடும். அப்போது அதை வைத்துக்கொண்டே சமாளிக்கும் வழியைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

எங்கே இறங்குவது என்ற கேள்விக்கு வைட் சொன்ன பதிலை ஒரு நல்ல பாடமாகவே வைக்கலாம். உங்களால் முடிந்த மட்டும் மிக நீளமான, மிக அகலமான ஓடுபாதையைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் மேடம் என்றார். பக்கத்தில் இருக்கும் ஓடுபாதையை அவர் கேட்கவில்லை. புறப்பட்ட மார்க்கோ தீவின் ஓடுபாதை 5,000 அடி. பழகிய விமானி ஒருவருக்குக் கிங் ஏரை இறக்க அது தாராளம். வைட்டுக்கு அப்படியல்ல, வேகம் கூடிப்போனாலோ, தரையைத் தொடத் தாமதமானாலோ, ஓடுபாதையின் முடிவு கண்முன் வந்து நிற்கும். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஃபோர்ட் மயர்ஸின் ஓடுபாதை 12,000 அடி நீளம், 150 அடி அகலம். நீண்ட பயணத்துக்கு எரிபொருள் நிரப்பிப் புறப்பட்ட விமானம் என்பதால் அங்கே போய்ச் சேர அவகாசமும் இருந்தது. நினைவிழந்தவர் உயிரோடு இருந்திருந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்ற அவசரம் இந்தக் கணக்கைக் குழப்பியிருக்கும். அவர் இறந்துவிட்டார் என்பது தெரிந்திருந்ததால், சொல்லக் கடினமாக இருந்தாலும், அவசரப்படத் தேவையில்லாமல் போயிற்று.

ஃபோர்ட் மயர்ஸ், டான்பரி, ஒரு தொலைபேசி

ஃபோர்ட் மயர்ஸை நெருங்கும் விமானங்களைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு எல்லைக்குள் விமானம் வந்ததும் பொறுப்பு பிரயன் நார்ட்டன், டான் ஃபேவியோ ஆகிய கட்டுப்பாட்டாளர்களிடம் வந்தது. அவசரத்தில் இருக்கும் விமானத்தைத் தேவையில்லாமல் அலைவரிசை மாறச் சொல்லக் கூடாது என்பது இத்துறையில் நன்கு ஊறிய கொள்கை. மாறும்போது தவறான எண்ணைத் திருப்பிவிட்டால் கிடைத்த தொடர்பே அறுந்துபோகலாம். வைட்டுக்கு வானொலி தெரியும் என்பதால் இந்தக் கைமாற்றம் சிக்கலின்றி முடிந்தது.

அடுத்து நடந்ததுதான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி. கிங் ஏரை அறிந்த ஒருவர் வேண்டும் என்று உணர்ந்த ஃபேவியோ, கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில் இருந்த தன் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த நண்பர் கிங் ஏர் ஓட்டியவர். அவர் தன்னிடமிருந்த கையேட்டையும் சரிபார்ப்புப் பட்டியலையும் ஓட்டுநர் அறையின் வரைபடத்தையும் எடுத்து விரித்து வைத்துக்கொண்டு பேசினார். டான்பரியில் சொன்னதை ஃபேவியோ காதில் வாங்கி நார்ட்டனிடம் சொன்னார். நார்ட்டன் அதை வானொலியில் வைட்டிடம் சொன்னார். வைட்டின் பதில் அதே வழியில் திரும்பிப் போனது. நாட்டின் வடகிழக்கு மூலையில் ஒரு மேசை மேல் கிடந்த படத்தைப் பார்த்து, தென்கோடியில் பறக்கும் விமானத்தின் நெம்புகோல்கள் நகர்த்தப்பட்டன.

இப்படி நான்கு பேர் வழியாகச் செய்தி போகும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பல நொடிகள் ஆகும். உடனடியாகச் செய்ய வேண்டிய எதையும் இந்த வழியில் சொல்ல முடியாது. இப்போது மூக்கைத் தூக்கு என்று டான்பரியிலிருந்து சொன்னால், அது வைட்டின் காதுக்கு வரும்போது அந்த 'இப்போது' போயிருக்கும். எனவே நிதானமாக ஒருமுறை செய்துவிட்டால் அப்படியே நிற்கக்கூடிய வேலைகளுக்குத்தான் இந்தச் சங்கிலி உதவும்: எந்த வேகத்தில் வர வேண்டும், சக்கரத்தை எப்போது இறக்க வேண்டும், மெதுவாகப் பறக்க உதவும்படி இறக்கையின் பின்விளிம்பில் விரியும் ஃபிளாப்பை எவ்வளவு விரிக்க வேண்டும் என்பவை அப்படிப்பட்டவை. சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டால் பலகையில் மூன்று பச்சை விளக்குகள் எரியும். பார்த்துச் சொல்லலாம், உறுதிப்படுத்தலாம், அடுத்ததற்குப் போகலாம். அவற்றை எல்லாம் ஓடுபாதைக்கு வெகு தொலைவிலேயே முடித்துவிட்டால், கடைசிக் கட்டத்தில் வைட்டின் கைக்கு இரண்டே வேலைகள் எஞ்சும்: மூக்கை ஓடுபாதை நோக்கி வைப்பது, வேகத்தைக் காப்பது. செஸ்னாவில் அவர் செய்துவந்தது அதையேதான்.

கிங் ஏரில் செய்ய வேண்டிய மற்றவை எத்தனையோ உண்டு. அறை அழுத்தத்தைத் தரை உயரத்துக்கு ஏற்ப அமைப்பது, சுழல்விசிறி நெம்புகோல்களை முன்னால் தள்ளுவது, இறங்கிய பின் விசிறிகளை எதிர்த்திசைக்குத் திருப்பி வேகத்தைக் குறைப்பது என்று பட்டியல் நீளும். ஒரு தொழில்முறை விமானி இவற்றில் ஒன்றை விட்டாலும் தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைப்பார். ஆனால் 12,000 அடி ஓடுபாதையில், பகலில், இறங்கினால் போதும் என்ற நிலையில், இவற்றுள் எது இல்லாவிட்டால் உயிர் போகும், எது இல்லாவிட்டால் பரவாயில்லை என்று பிரிப்பதற்கு விமானத்தை நன்கு அறிந்தவர் வேண்டும். அறியாதவர் கையேட்டைப் பார்த்து முழுப் பட்டியலையும் வாசித்துக்கொண்டிருப்பார். டான்பரி நண்பரின் மதிப்பு எதைச் சொல்லாமல் விடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததிலும் இருந்தது என்று நான் கருதுகிறேன்.

கடைசி சில நொடிகள்

ஓடுபாதை நேராகக் கண்ணில் பட்ட பிறகு வைட் கேட்ட கேள்வி பதிவில் இருக்கிறது. தரையைத் தொட்டதும், அதாவது எப்போதாவது தொட்டால், த்ராட்டிலை (எஞ்சின் ஆற்றல் நெம்புகோலை) அப்படியே அணைத்துவிட வேண்டியதுதானா என்று கேட்டார். ஆமாம், தொட்டதும் மெதுவாக த்ராட்டிலை இழுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. அந்தத் 'தொட்டால்' என்ற சொல்லில் இருந்த நகைச்சுவையைப் பலரும் ரசித்தார்கள். எனக்கோ அவர் அந்தக் கேள்வியைத் தரையைத் தொடுவதற்கு முன்பே கேட்டது பெரிதாகத் தெரிகிறது. சக்கரம் தரையில் உரசும் நொடியில் கேட்டிருந்தால் பதில் வருவதற்குள் விமானம் துள்ளியிருக்கும். அடுத்து வரப்போகும் வேலையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது, விமானத்துக்கு ஓரடி முன்னால் மனத்தை வைத்திருப்பது, பயிற்சியாளர்கள் மாணவர்களிடம் மாதக்கணக்கில் எதிர்பார்த்துக் காத்திருக்கும் குணம்.

அந்தப் பதிலின் எளிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிங் ஏரின் ஆற்றல் நெம்புகோல்களை நேராகப் பின்னுக்கு இழுத்தால் குறைந்தபட்ச நிலையில் வந்து நின்றுவிடும். அதற்கும் கீழே, விசிறிகள் எதிர்த்திசைக்குத் திரும்பும் பகுதிக்குள் கொண்டுபோக வேண்டுமானால் நெம்புகோலைத் தூக்கி இழுக்க வேண்டும். வானில் இருக்கும்போது தவறுதலாக அங்கே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. எனவே 'மெதுவாக இழுங்கள்' என்ற சொல் தெரியாத கையில் கொடுத்தாலும் கேடு செய்யாத கட்டளை. எதிர்த்திசை உந்தலைப் பற்றி வாயே திறக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகத்தான் 12,000 அடி ஓடுபாதை இருந்தது.

தரைக்குச் சில அடி உயரத்தில் மூக்கை இலேசாகத் தூக்கி விமானத்தை மிதக்கவிட்டு அமர வைக்கும் அந்த அசைவை வானொலியில் யாராலும் கற்பிக்க முடியாது. அதற்குக் கண்ணும் கையும் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். செஸ்னாவில் பழகிய கண் கிங் ஏரில் உயரத்தைச் சற்றுத் தவறாகவே கணிக்கும். ஆனாலும் அந்த அசைவின் வடிவம் ஒன்றுதான். செய்திகள் மறைத்துவிட்ட 150 மணி நேரம் இங்கேதான் கைகொடுத்தது. வைட் விமானத்தை நடுக்கோட்டில் இறக்கி நிறுத்தினார்.

இந்தப் பணிக்காக அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்களின் தேசியச் சங்கம் இரு மையங்களைச் சேர்ந்தவர்களுக்கும் 2010இல் ஆர்ச்சி லீக் பதக்கம் வழங்கியது. ஆர்ச்சி லீக் என்பவர் 1929இல் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் வண்ணக் கொடிகளை அசைத்து விமானங்களுக்கு வழிகாட்டியவர். அமெரிக்காவின் முதல் கட்டுப்பாட்டாளர் என்று கருதப்படுபவர்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து

2022ஆம் ஆண்டு மே 10 அன்று, அதே ஃபுளோரிடாவின் எதிர்க்கரையில், பஹாமாஸிலிருந்து வந்துகொண்டிருந்த செஸ்னா 208 காரவன் விமானத்தின் விமானி நினைவு தடுமாறிச் சரிந்தார். கைப்பிடியைப் பிடித்த பயணிக்கு விமானம் ஓட்டிய அனுபவம் அறவே இல்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஃபுளோரிடாவின் கரை எதிரே தெரிகிறது, மற்றபடி எதுவும் தெரியாது என்றார். கரையை ஒட்டியே பறக்கச் சொல்லி, ராடாரில் தேடிக் கண்டுபிடித்தார்கள். பாம் பீச் கோபுரத்தில் இருந்த ராபர்ட் மார்கன் என்ற கட்டுப்பாட்டாளர் விமானப் பயிற்சியாளரும்கூட. ஆனால் காரவனை ஓட்டியதில்லை. அதன் பலகைப் படத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு அவர் வழிநடத்தினார். ஏறத்தாழ 10,000 அடி நீள ஓடுபாதையில் அந்த விமானமும் பத்திரமாக இறங்கியது.

இரண்டையும் அருகருகே வைத்தால் வைட்டின் 150 மணி நேரத்துக்கு மதிப்பில்லை என்று தோன்றக்கூடும். அது அவசர முடிவு. காரவன் ஒற்றை எஞ்சின் விமானம். அதன் சக்கரங்கள் நிலையானவை. மெதுவாகப் பறப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. கிங் ஏரில் இருந்த வேலைகளில் பாதி அங்கே இல்லவே இல்லை. மேலும் இத்தகைய கதைகளில் நமக்குக் கேட்கக் கிடைப்பவை பெரும்பாலும் நல்ல முடிவு பெற்றவையே. யாரும் வானொலியைத் தொடாமலே போன விமானங்களுக்கு ஒலிப்பதிவு கிடையாது. இரு நிகழ்வுகளுக்கும் பொதுவானவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை பகல் வெளிச்சம், நீண்ட ஓடுபாதை, வேலை செய்த வானொலி, விமானம் ஓட்டத் தெரிந்த கட்டுப்பாட்டாளர் ஒருவர் அருகில் இருந்தது.

இந்தக் கடைசி இரண்டையும் தற்செயலுக்கு விடாமல் இருக்க இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. கார்மின் நிறுவனத்தின் ஆட்டோலேண்ட் என்ற அமைப்புக்கு 2020இல் பைப்பர் எம்600 விமானத்தில் முதன்முதலாகச் சான்று கிடைத்தது. பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அருகில் உள்ள தகுந்த நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, வானொலியில் தானே அறிவித்து, இறங்கி, நின்று, எஞ்சினையும் அணைத்துவிடும். ஆனால் இன்று பறக்கும் சிறு விமானங்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே செய்யப்பட்டவை.

அவற்றில் வலப்பக்க இருக்கையில் உறவினரையோ நண்பரையோ உட்கார வைக்கும் விமானி, எஞ்சினை முடுக்குவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடக்கூடியவை சில உண்டு. கைப்பிடியில் பேசுவதற்கான பொத்தான் எது, ஆட்டோபைலட்டை விடுவிக்கும் பொத்தான் எது என்று தொட்டுக் காட்டலாம். வானொலியில் ஏற்கெனவே திருப்பி வைத்திருக்கும் அலைவரிசையிலேயே முதலில் கூப்பிடும்படியும், பதில் வராவிட்டால் 121.5 என்ற அவசர அலைவரிசைக்குப் போகும்படியும் சொல்லி வைக்கலாம். வேகமானியில் எந்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது என்று விரல் வைத்துக் காட்டலாம். அமெரிக்க விமான உரிமையாளர் மற்றும் விமானிகள் சங்கம் இதையே விரித்து, விமானிகளின் துணைவர்களுக்கென்று பல பத்தாண்டுகளாகப் பயிற்சி வகுப்பாக நடத்திவருகிறது. சக்கரம் தரையைத் தொடும் கட்டம் வரை அதில் சொல்லித்தருகிறார்கள்.